விற்பதை நிறுத்தினால் விளக்கு எரிந்துவிடுமா?

எங்கள் தெருவில் கரண்ட் போனவுடன் காதில் விழும் முதல் சொல் ஒரு நாட்டின் பெயர். ‘தயோ’ என்பார்கள், சீனாக்காரன். அடுத்த சொல் ‘யோதயா’, அதாவது தாய்லாந்து. யாங்கூனின் க்யிம்யிண்டைங் பேட்டை டீக்கடையில் குந்தியிருப்பவர் பர்மியரானாலும் சரி, என்னைப்போல் மூன்று தலைமுறையாக இங்கே பிழைக்கும் தமிழரானாலும் சரி, பேச்சு ஒன்றுதான்: “ஆறு நம்மளுது, காஸ் நம்மளுது. எல்லாத்தையும் அவனுக்கு வித்துட்டு நம்மள இருட்டுல போட்டாங்க. விக்கிறத நிறுத்தினா நாளைக்கே வெளிச்சம் வரும்.”

இதைச் சொல்லிவிட்டு டீயை உறிஞ்சும்போது சொன்னவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். இருட்டுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, காரணத்துக்கு ஒரு வெளிநாட்டுக்காரனும் கிடைத்துவிட்டான். நானும் பல வருடம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். 2012 மே மாதம் மந்தலேயில் கிளம்பி யாங்கூனுக்கு வந்த மெழுகுவத்திப் போராட்டத்தில், சூலே பகோடா பக்கம் கையில் மெழுகுவத்தியோடு நின்றவர்களில் நானும் ஒருவன். அன்று நின்றதற்காக வருத்தமில்லை. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் கரண்ட் இல்லாத ஊரில் மனிதர்கள் தெருவுக்கு வரத்தான் வேண்டும். ஆனால் அன்று நம்பிய காரணம் பிசகு என்று இப்போது நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அக்கம்பக்கத்தில் எனக்கு இனி யாரும் டீ வாங்கித் தரமாட்டார்கள், போகட்டும்.

முதலில் அந்த 2012-ஐயே எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்திய ஆண்டு என்ன நடந்தது? 2011 ஜூனில் கச்சின் மாநிலத்தில் சண்டை மூண்டு, சீன எல்லையோரம் இருக்கும் 240 மெகாவாட் டாப்பெயின் நீர்மின் நிலையம் நின்றுபோனது. சீனாவுக்கு விற்பதற்கென்றே கட்டிய நிலையம் அது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று அதிபர் தெய்ன் செய்ன் மியிட்சோன் அணையை நிறுத்திவைத்தார். 6,000 மெகாவாட் திட்டம். மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவுக்கு என்று பேச்சு. ஒரு நிலையம் விற்பதை நிறுத்தியது, இன்னொன்று விற்கும் முன்பே நின்றது. டீக்கடைக் கணக்குப்படி 2012 கோடையில் யாங்கூன் ஜொலித்திருக்க வேண்டும். நாங்கள் மெழுகுவத்தி வாங்கினோம்.

அந்த மே மாதம் மின்வெட்டு அதிகமானதற்கு அரசு சொன்ன காரணத்தைக் கவனித்தவர்கள் குறைவு. வடக்கே ஷ்வேலி நிலையத்திலிருந்து வரும் மின்பாதையில் சில கோபுரங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன என்றது அரசு. ஷ்வேலி-1 என்பது 600 மெகாவாட் நீர்மின் நிலையம். சீன நிறுவனங்கள் போட்ட முதல். சீனாவின் யுன்னானுக்கும் போகும், நம் கிரிட்டுக்கும் வரும். அதாவது, நமக்கென்று வந்துகொண்டிருந்த மின்சாரமும் சில இரும்புக் கோபுரங்கள் விழுந்ததால் வராமல் போனது. விற்பனையை விட்டுவிட்டுக் கம்பியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அன்றே சாட்சி இருந்தது. கூட்டத்தில் அதைச் சொல்லியிருந்தால் என்னையும் தயோ என்றிருப்பார்கள்.

இந்த வாதத்தின் அடியில் ஒரு நெல் களஞ்சியம் இருக்கிறது. உபரி என்றவுடன் நம் மனம் மூட்டை மூட்டையாக அடுக்கிய அரிசியை நினைக்கிறது. ஐராவதி டெல்டாவில் செட்டியார் காலத்திலிருந்து அரிசி பார்த்த ஊர் இது, நினைப்பு அப்படித்தான் போகும். வீட்டில் பிள்ளை பசியோடு இருக்கக் களஞ்சியத்து மூட்டையை அடுத்த ஊர்க்காரனுக்கு விற்றால் அது பாவம். ஆனால் மின்சாரத்தை மூட்டை கட்ட முடியாது. ஆகஸ்டு நள்ளிரவில் ஆறு பொங்கி ஓடும்போது ஷ்வேலியில் சுழலும் டர்பைனின் மின்சாரத்தை ஏப்ரல் மதியத்துக்கு எடுத்துவைக்க இடமில்லை. அந்த நொடியில் யாராவது எரிக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீரை டர்பைனுக்குக் காட்டாமல் அப்படியே மதகு வழி விட்டுவிட வேண்டும். உபரி என்பது ஒரு நேரத்தின் பெயர். அந்த நேரம் கடந்தால் அது கிடையாது.

மிஞ்சிய மின்சாரம் சும்மாவும் கிடக்காது, இடைஞ்சலும் செய்யும். பக்கத்திலேயே உதாரணம் இலங்கை. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வெட்டு பார்த்த நாடு. மூன்றே வருடத்தில், 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். கூரைச் சூரியத் தகடுகள் மின்சாரத்தைக் கொட்டிக்கொண்டிருந்தன. விடுமுறை என்பதால் எரிப்பவர்கள் குறைவு. பாணந்துறை துணைமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்தது. நாடே இருண்டது. உலகம் குரங்கைப் பார்த்துச் சிரித்தது. மின்வாரியத்துக்காரர்கள் பயந்தது வேறொன்றுக்கு. தேவையின் பெரும்பகுதியைச் சூரிய மின்சாரமே நிறைத்து, கனமான டர்பைன்கள் குறைவாகச் சுழலும் நேரத்தில் ஒரு சின்ன தட்டு தட்டினாலும் கிரிட் தாங்காது. அதனால்தான் அந்த ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் உங்கள் கூரைத் தகடுகளை அணைத்துவையுங்கள் என்று இலங்கை மின்சார சபையே மக்களைக் கேட்டுக்கொண்டது. மூன்று வருடம் முன்னால் 13 மணி நேரம் இருட்டில் கிடந்த ஜனங்களிடம், ‘தயவுசெய்து தயாரிக்காதீர்கள்’ என்று கேட்கிற நிலை. களஞ்சியக் கணக்கில் இது புரியாது.

இதை எனக்குப் புரியவைத்தது மின்வாரிய அறிக்கை எதுவும் இல்லை. எதிர்வீட்டு அக்கா.

எங்கள் தெருவின் நடுவே ஒரு கண்ணுக்குத் தெரியாத கோடு ஓடுகிறது. எங்கள் பக்கத்து வீடுகள் ஒரு லைனில், எதிர்ப்பக்கம் வேறு லைனில். முறைவைத்து வெட்டும் காலத்தில் எங்களுக்கு நாலு மணி நேரம் இருந்தால் அவர்களுக்கு இல்லை; அவர்களுக்கு வந்தால் எங்களுக்குப் போகும். ‘மீ லா பியீ!’ என்று குழந்தைகள் கத்தும் சத்தம் தெருவின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எழும். அக்கா இட்லி மாவு வியாபாரம். மாவு புளித்துப் போகும் என்று முதலில் குண்டானோடு வந்து எங்கள் பிரிட்ஜில் வைத்தார். பிறகு ஒருநாள் அவர் மகன் மாடியிலிருந்து மாடிக்கு ஒரு வயரை எறிந்து கட்டினான். சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். எங்களுக்குக் கரண்ட் இருக்கும்போது அவர்கள் பிரிட்ஜும் ஒரு பேனும் ஓடும். அவர்களுக்கு இருக்கும்போது எங்கள் தண்ணீர் மோட்டார் ஓடும்.

எங்களுக்கு நடுராத்திரி ஒரு மணிக்கு வந்த கரண்டை வைத்து நாங்கள் என்ன செய்யப்போகிறோம்? எல்லோரும் தூங்குகிறோம். அக்காவுக்கோ அதுதான் மாவு ஆட்டும் நேரம். எங்களுக்கு அது உபரி, அவருக்கு அது பிழைப்பு. மாதக் கடைசியில் அக்கா மீட்டரைப் பார்க்காமலே கணக்குச் சொல்வார்: “தம்பி, இந்த மாசம் உங்களுக்கு நாங்கதான் பாக்கி.” கூடவே ஒரு கிண்ணம் இட்லியும் வரும். அதை வட்டி என்று வைத்துக்கொள்ளலாம். தெருவில் யாரும், நீ உன் கரண்டை எதிர்வீட்டுக்கு விற்கிறாய் என்று என்னைத் திட்டவில்லை. போன கரண்ட் திரும்பி வருவது எல்லோருக்கும் தெரிந்தது.

இந்த வயர் வியாபாரத்தைத்தான் தமிழ்நாட்டு மின்வாரியம் பெரிய அளவில் செய்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே மாதம் காற்று எழும்பினால் செப்டம்பர் வரை ஓயாது. ஜூலையில் நல்ல காற்று நாளில் காற்றாலைகள் மட்டும் 10 கோடி யூனிட்டுக்கு மேல் தருவதுண்டு. அந்த நேரத்தில் தமிழ்நாட்டுக்கு அவ்வளவும் வேண்டாம்; வடக்கே பஞ்சாபில் நெல் நாற்று நட்டு மோட்டார்கள் இரவு பகலாக இறைக்கும் காலம் அது. மிஞ்சியதை வட மாநிலங்களுக்குக் கொடுத்துவிட்டு, பணமாக வாங்காமல், காற்று இல்லாத கோடை மாதங்களில் கொஞ்சம் சேர்த்து மின்சாரமாகவே திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கைமாற்று என்று நாம் சொல்வது. காற்றாலை மின்சாரத்தை வெளியே அனுப்பாதே என்று ஒருவர் போராடி ஜெயித்திருந்தால், ஜூலையில் காற்றாலைகளை நிறுத்திவைத்திருப்பார்கள், ஏப்ரலில் வெட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமும் நஷ்டம்.

அந்தக் கைமாற்றும் எப்போதும் கைகூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012-ல், நாங்கள் இங்கே மெழுகுவத்தி பிடித்த அதே ஆண்டு, சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டு ஊர்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் வெட்டு. அதே நேரம் தில்லி தனக்கு வேண்டாமென்று 1,721 மெகாவாட்டை விட்டுக்கொடுத்தது. அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அதைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். மின்சாரம் இருக்கிறது, கேட்பவர் இருக்கிறார், ஆனால் தெற்கே கொண்டுவரக் கம்பியில்லை என்பதுதான் மத்திய அரசின் பதில். தென்னிந்திய கிரிட் மற்ற இந்தியாவோடு ஒரே தாளத்தில் சேர்ந்தது 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக. அதுவரை தில்லியின் உபரியும் திருநெல்வேலியின் இருட்டும் ஒரே நாட்டில், ஒன்றுக்கொன்று உதவாமல் இருந்தன. தில்லி ஒரு யூனிட்கூட வெளிநாட்டுக்கு விற்கவில்லை.

இங்கே நம் நிலைமை அதைவிட மோசம். அணைகள் வடக்கிலும் கிழக்கிலும். எரிக்கும் வாய் தெற்கில். நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியை யாங்கூன் ஒன்றே தின்கிறது. மெய்க்டிலாவிலிருந்து டாங்கூ வழியாகத் தெற்கே 500 கிலோவோல்ட் பாதை என்று எத்தனை வருடமாகக் கேட்கிறோம்! அந்தப் பாதை முழுசாக ஓடாதவரை, ஷ்வேலியின் 600 மெகாவாட்டையும் நாளைக்கே சீனா நமக்குத் தானமாகக் கொடுத்தாலும் க்யிம்யிண்டைங் வரை அது எதில் ஏறி வரும்?

இப்போது எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். நீர்மின்சாரத்தை விடுங்கள், காஸ்? காஸைத் தேக்கலாம், குழாயில் வைக்கலாம், வேண்டும்போது எரிக்கலாம். யாடனா வயலின் காஸ் 1998-லிருந்து தாய்லாந்துக்குப் போகிறது. ஷ்வே வயலின் காஸ் 2013-லிருந்து சீனாவுக்கு. இரண்டிலும் பெரும்பங்கு வெளியே, சின்னப் பங்கு உள்ளே. பக்கத்துப் பேட்டையான அலோனில் காஸ் மின்நிலையம் இருக்கிறது. அது பாதி வயிற்றோடு ஓட, காஸ் தாய்லாந்தின் ராட்சபுரிக்குப் போகிறதே?

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்த ஒப்பந்தங்களை ராணுவ அரசுகள் எங்களைக் கேட்காமல் எழுதின. வந்த டாலர் எங்கே போனது என்று எந்தக் குடிமகனிடமும் யாரும் கணக்குக் காட்டவில்லை. உள்நாட்டுப் பங்கு இவ்வளவு சிறிதாக எழுதப்பட்டதற்கு யாராவது ஒருநாள் பதில் சொல்ல வேண்டும். இதில் எனக்கும் டீக்கடைக்கும் சண்டையே இல்லை. சண்டை அடுத்த வரியில்தான்: குழாயைத் திருப்பினால் விளக்கு எரியும் என்ற வரியில்.

குழாயைத் திருப்பி வந்த காஸுக்கு யார் காசு தருவார்கள்? நம் வீட்டு மீட்டரைப் பாருங்கள். பல வருடம் வீட்டு மின்சாரம் எங்கள் பணத்தில் யூனிட் 35 ச்சாட். 2013-ல் நூறு யூனிட்டுக்கு மேல் எரிப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் ஏற்றப் பார்த்தார்கள். கூச்சல் எழும்பியதும் தள்ளிவைத்து, 2014-ல் அரைகுறையாக ஏற்றினார்கள். 2019 ஜூலையில்தான் படிப்படியாக, 35-இல் தொடங்கி 200 யூனிட்டுக்கு மேல் 125 வரை வைத்தார்கள். அன்றைய மாற்று விகிதத்தில் 35 ச்சாட் என்பது டாலரில் இரண்டரை சென்ட்கூட இல்லை. காஸ் எரித்து, டர்பைனுக்கு உதிரி வாங்கி, கம்பி இழுத்து அந்த விலைக்குத் தர எந்த அரசாலும், நல்ல அரசாலும், முடியாது. ஒவ்வொரு யூனிட்டிலும் நஷ்டம் வரும் கடைக்காரன் யூனிட்டைக் கூட்ட மாட்டான், குறைப்பான். நம் வெட்டுகளில் பாதி இந்தக் கணக்கு.

“ஏழைகிட்ட விலை ஏத்தச் சொல்றீங்களா?” என்று டீக்கடை அண்ணன் கேட்டார். நான் அவரை இரவுச் சந்தைக்கு வரச் சொன்னேன். க்யிம்யிண்டைங் ஸ்டேஷன் பக்கம் கடை போடும் பெண்கள் ஒரு பல்புக்கு இரவுக்கு இவ்வளவு என்று ஜெனரேட்டர்காரனுக்குத் தருகிறார்கள். அந்தத் தொகையை யூனிட் கணக்காக்கினால் வீட்டு மீட்டர் விலையைப்போல் பல மடங்கு. விடியற்காலை நாலு மணிக்கு சான்பியா மீன் சந்தைக்குப் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஈரத் தரையில் ஐஸ் பாறையை இழுத்து வந்து, சாக்கில் சுற்றி, மரக்கட்டையால் அடித்து உடைக்கிறார்கள். ஐஸ் விலை டீசல் விலையோடு ஏறி இறங்குகிறது. ஐஸ் விலையோடு மீன் விலை. ஏழை ஏற்கெனவே உயர்ந்த விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள், மின்வாரியத்துக்குக் கொடுக்காமல் டீசலுக்குக் கொடுக்கிறாள். மலிவு மின்சாரத்தின் சலுகை முழுசாகப் போய்ச் சேர்ந்தது ஏசி வைத்த வீடுகளுக்கு. முதல் முப்பது யூனிட்டை மலிவாக வைத்துவிட்டு மேலே உள்ளதை நியாய விலைக்கு விற்பது ஏழைக்கு எதிரானது என்று யாராவது சொன்னால், அவர் சான்பியாவில் மீன் வாங்கியதில்லை என்று அர்த்தம்.

“சரி, விக்கவும் வேணாம், திருப்பவும் வேணாம், வெளியிலிருந்து வாங்கிக்கலாமே” என்பது அடுத்த கட்சி. படித்த பிள்ளைகள் கட்சி இது. வாங்கிப் பார்த்தோம். 2019-ல் கோடை வெட்டு தாங்காமல் அவசர டெண்டர் விட்டார்கள். சீன அரசு நிறுவனம் ஒன்றும் ஹாங்காங்கின் வீபவரும் சேர்ந்து பெரும்பங்கை எடுத்தன. தாக்கேட்டாவிலும் தன்லியினிலும் நிலையங்கள் வந்தன. 2020-ல் திரவ காஸ் கப்பலில் வந்தது. நம்ம யாங்கூன் ஆறு ஆழமில்லாதது, சின்னச் சின்னக் கப்பலாகத்தான் கொண்டுவர வேண்டும். அது ஒரு செலவு. காஸ் விலை டாலரில், நாம் மக்களிடம் வாங்குவது ச்சாட்டில். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, ச்சாட் விழுந்தது, மக்களில் பலர் எதிர்ப்பாக மின்கட்டணம் கட்டுவதை நிறுத்தினார்கள், உலகச் சந்தையில் திரவ காஸ் விலை அந்த ஆண்டே முன்பு காணாத உயரத்துக்குப் போனது. நிலையங்கள் நின்றன. டர்பைன் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, சுழலவில்லை. நாட்டில் நிறுவிய மெகாவாட்டைக் கூட்டிப் பார்த்தால் பஞ்சமே தெரியாது. எரிபொருளுக்கு டாலரும், மின்சாரத்துக்கு விலையும் இல்லாத மெகாவாட் வெறும் இரும்பு.

வாங்குபவர்களின் பாடு எங்கும் இப்படித்தான். 2022 ஆகஸ்டில் இந்தியாவில் தமிழ்நாடு உட்பட 13 மாநிலங்களை மின்சாரச் சந்தையில் வாங்கவும் விற்கவும் கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். காரணம் உற்பத்தியாளர்களுக்குப் பாக்கி. பங்களாதேஷ் ஜார்க்கண்டின் கொட்டாவிலுள்ள அதானி நிலையத்தோடு 1,600 மெகாவாட்டுக்கு 25 வருட ஒப்பந்தம் போட்டது. பாக்கி ஏறியதும் 2024 அக்டோபர் கடைசியில் வரவு பாதியானது. நம் எல்லையிலேயே, மியாவாடியும் டாச்சிலெயிக்கும் தாய்லாந்திலிருந்து வாங்கிய மின்சாரத்தில் எரிந்தவை. அங்குள்ள இணைய மோசடிக் கூடாரங்களை ஒடுக்குகிறோம் என்று 2025 பிப்ரவரி 5 அன்று தாய்லாந்து சுவிட்சை அணைத்தது. மோசடிக்காரன் ஜெனரேட்டர் போட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரியும் இட்லிக் கடையும்தான் இருட்டில் நின்றன. வாங்கு என்பவர்கள், சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

வெளியே விற்பது துரோகம் என்று யாங்கூன்காரர்கள் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கூசும். கயா மாநிலத்து பலூசாங் நீர்மின் நிலையத்தை நினைத்துப் பார்க்கிறேன். லோபிட்டா என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். ஜப்பானியப் போர் இழப்பீட்டுப் பணத்தில் கட்டி 1960-ல் ஓட ஆரம்பித்தது, பிறகு 168 மெகாவாட்டாக வளர்ந்தது. அந்த மின்சாரம் மலையிறங்கி நேரே யாங்கூனுக்கு வந்தது. கம்பி தலைக்கு மேலே போக, கீழே கரென்னி கிராமங்கள் பல பத்தாண்டுகள் இருட்டில் இருந்தன. கோபுரங்களைச் சுற்றிக் கண்ணிவெடி புதைத்தார்கள். கால் போனது அந்தக் கிராமத்து மக்களுக்கு. இங்கே கெம்மண்டைனில், ஆங்கிலேயர் வைத்த பெயரில் ஊரைக் கூப்பிட்ட காலத்திலிருந்தே, நாங்கள் அந்த லோபிட்டா வெளிச்சத்தில் கல்யாணம் செய்தோம், தீமிதி பார்த்தோம். கயா மாநிலத்து லோய்கா விவசாயிக்கு யாங்கூன்தான் யுன்னான். அவர் டீக்கடையில் உட்கார்ந்து, யாங்கூனுக்கு அனுப்புவதை நிறுத்தினால் எங்களுக்கு வெளிச்சம் வரும் என்று சொன்னால் நாம் என்ன பதில் சொல்வோம்? கம்பியும் மின்மாற்றியும் உன் ஊருக்குப் போடவில்லை, அதுதான் பிரச்சினை என்போம். சரியான பதில்தான். நமக்கும் அதே பதில்.

நேபாளத்தைப் பார்த்துப் பொறாமைப்படலாம். நம்மைப்போல மழைக்கால ஆறுகள், குளிர்காலத்தில் வற்றல், ஒரு காலத்தில் ஒருநாளைக்கு 18 மணி நேரம் வரை வெட்டு. 2016-ல் முசாபர்பூரிலிருந்து டல்கேபருக்கு ஒரு பெரிய கம்பி வந்தது. அதே ஆண்டு மின்வாரியத்துக்கு நிர்வாக இயக்குநராக வந்த குல்மான் கிசிங் இந்தியாவிலிருந்து வாங்கி, உள்ளூரில் பெரிய தொழிற்சாலைகளுக்குத் தனிச் சலுகையாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிடுங்கி, அந்தத் தீபாவளிக்கே காத்மாண்டுவை எரியவைத்தார். 2021-லிருந்து அதே கம்பிகளில் நேபாளம் மழைக்காலத்து உபரியை இந்தியச் சந்தையில் விற்கிறது. இப்போது பங்களாதேஷுக்கும் 40 மெகாவாட் போகிறது. குளிர்காலத்தில் திரும்ப வாங்குகிறது. ‘நம் ஆற்றை இந்தியாவுக்கு விற்காதே’ என்று கோஷம் போடும் கட்சிகள் அங்கேயும் நிறைய. கோஷம் ஜெயித்திருந்தால் கம்பி வந்திருக்காது.

நேபாளம் போல நாமும் சீனாவோடு கைமாற்று செய்யலாமே என்றால், அங்கேதான் நம் ஒப்பந்தங்களின் உண்மையான ஓட்டை இருக்கிறது. யுன்னானும் நாமும் ஒரே மழையில் நனைகிறவர்கள். நமக்கு ஆறு பொங்கும்போது அவர்களுக்கும் பொங்கும். பத்து வருடம் முன்னால் யுன்னானில் வாங்க ஆளில்லாமல் ஏராளமான நீர் டர்பைனில் ஏறாமலே மதகு வழி போனது. வறட்சி வந்த 2022, 2023-ல் அதே யுன்னான் அலுமினியத் தொழிற்சாலைகளுக்கு மின்சாரத்தைக் குறைத்தது. மழையிலும் வறட்சியிலும் நம்மோடு ஏறி நம்மோடு இறங்குகிறவனிடம் கைமாற்று எப்படி? நமக்கு வேண்டியது வேறு கடிகாரத்தில் வாழும் பக்கத்து வீட்டுக்காரன். மார்ச், ஏப்ரல் மதியங்களில் இந்தியாவில் சூரிய மின்சாரம் வாங்க ஆளில்லாமல் சந்தை விலை தரையைத் தொடுகிறது. நம் அணைகள் வற்றிக் கிடக்கும் மாதங்கள் அவை. ஆனால் இந்தியாவோடு நமக்குள்ள கம்பி, 2016-ல் மணிப்பூரின் மோரேயிலிருந்து தமூவுக்கு இழுத்த இரண்டு மூன்று மெகாவாட் கயிறுதான். அதில் எங்கள் மீன் சந்தைக்கே ஐஸ் காணாது.

தயோவுக்கு விற்றார்கள் என்று கத்துவதைவிட, யாரிடம் எந்த மாதத்தில் திரும்ப வாங்கிக்கொள்ள வழி வைத்தீர்கள், எந்தக் கம்பியில், என்ன விலைக்கு என்று கேட்டிருக்க வேண்டும். 2012-ல் நாங்கள் பிடித்த அட்டைகளில் அப்படி ஒரு கேள்வி இருந்ததாக ஞாபகமில்லை. அட்டையில் எழுத அது கொஞ்சம் நீளமும்கூட.

எங்கள் தெருவின் வயர் வியாபாரம் என்ன ஆனது என்று கேட்டால், இந்த வருடம் அது படுத்துவிட்டது. லைனை மாற்றினார்கள். இப்போது தெருவின் இரண்டு பக்கமும் ஒரே முறையில். அவர்களுக்குப் போகும்போது எங்களுக்கும் போகிறது, ‘மீ லா பியீ’ சத்தம் இரண்டு பக்கமும் ஒன்றாக எழுகிறது. வந்தவுடன் எல்லா வீட்டிலும் மோட்டார், ரைஸ் குக்கர், பேட்டரி எல்லாம் ஒரே நிமிடத்தில் ஓடுகின்றன. மூன்றாம் நாள் மின்மாற்றி பியூஸ் போனது. அக்கா மகன் சீனாக்காரத் தகடு இரண்டும் லித்தியம் பேட்டரி ஒன்றும் வாங்கிக் கூரையில் வைத்துவிட்டான். அதற்கும் தயோதான் வந்து உதவ வேண்டியிருந்தது என்று டீக்கடை அண்ணனிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. மாடிக்கு மாடி இழுத்த வயர் இன்னும் அப்படியே கிடக்கிறது. அக்கா அதில் புடவை காயப்போடுகிறார்.